செம்பூர்க் கிடங்கின் சங்கிலி ரம்பங்கள்

அறுபதுகளின் நடுவில் என் அக்காவின் கணவர் பம்பாயில், செம்பூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் கிடங்குக்கு மேலதிகாரியாக இருந்தார். அவரை நான் அத்திம்பேர் என்று கூப்பிடுவேன். அந்தக் கிடங்கில் ஆறு சங்கிலி ரம்பங்கள் இருந்தன. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட சாமான்களில் யாரோ ஓர் அதிகாரி வாங்கிப் போட்டவை. பெட்ரோலில் ஓடுபவை. ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் என்ஜின் பக்கம், இன்னொருவன் வாளின் நுனிப்பக்கம். மரமே வளர்க்காத ஒரு நிறுவனத்துக்கு மரம் அறுக்கும் இயந்திரம் எதற்கு என்று வாங்கியவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ரம்பங்கள் மரப்பெட்டிகளுக்குள் தங்கிவிட்டன.

வருஷத்துக்கு ஒரு முறை கையிருப்பைச் சரிபார்ப்பார்கள். ஒரு குமாஸ்தா வந்து பெட்டிகளை எண்ணுவார். ஆறு இருக்கும். பதிவேட்டில் "ஆறு, நல்ல நிலையில்" என்று எழுதுவார். அத்திம்பேர் கையெழுத்துப் போடுவார். பெட்டியைத் திறந்து பார்க்கும் வழக்கம் இல்லை. திறந்தால் மறுபடி மூடி ஆணி அடிக்க வேண்டும். ஆணி வேண்டுமென்றால் அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும்.

இப்படியே போயிருக்கும். ஆனால் புதிதாக வந்த என்ஜினியர் ஒருவர் பதிவேட்டைப் படிக்கிற ஆசாமியாக இருந்தார். ஊழியர் குடியிருப்புக்குப் பின்னால் இருந்த நிலத்தில் மரங்களை வெட்டிவிட்டு மேலும் கட்டடம் கட்டுவதாக இருந்தது. ஆறு ரம்பம் நல்ல நிலையில் இருக்கும்போது வெளி ஆளை ஏன் கூப்பிட வேண்டும் என்று அவர் ஒரு குறிப்பு அனுப்பினார். அத்திம்பேர் அன்றைக்குத்தான் முதல் பெட்டியைத் திறந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்தார். காபியைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை.

"ஆறும் செத்துக் கிடக்குடா. துரு. உள்ள கரப்பான் முட்டை போட்டு வெச்சிருக்கு."

"நல்ல நிலைன்னு எழுதியிருக்கேளே?"

"பெட்டி நல்ல நிலையில இருந்தது. பெட்டியைத்தானே பார்த்தோம்." காபியைக் கீழே வைத்தார். "ஒண்ணாவது ஓடித்துன்னா நான் தப்பிச்சேன். ஓடலேன்னா ஆறையும் பங்காருக்குப் போட்டுடுங்கோன்னுட்டான் அந்த என்ஜினியர். பழைய இரும்பாப் போட்டா, இத்தனை வருஷமா கையெழுத்துப் போட்டவன் யாருன்னு அடுத்தாப்ல கேப்பானா மாட்டானா?"

அவருடைய ஆபீஸ் பியூன் ஒரு வழி சொல்லியிருந்தான். தாராவியில் ஒருவர் இருக்கிறார், யுத்தத்தின்போது ராணுவத்தில் இதே இயந்திரங்களைப் பழுது பார்த்தவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் போய்ப் பேசிக் கூட்டி வர வேண்டும் என்றார் அத்திம்பேர்.

"நீங்களே போகலாமே. இதோ இருக்கு."

"நீ பேப்பர்காரன். எங்க போனாலும் ஒருத்தரும் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா."

நான் அப்போது கோட்டைப் பகுதியில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பிறர் எழுதிய செய்திகளைத் திருத்தும் வேலையில் இருந்தேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவியின் தகரக் கூரைகள் தெரியும். நடந்தால் கால் மணி நேரம். எங்கள் கட்டடத்தில் லண்டன் போய் வந்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். தாராவி போய் வந்தவர் ஒருவரும் இல்லை. நானும் தோல் பதனிடும் நாற்றத்துக்குப் பயந்து மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டுதான் போனேன்.

அவர் கடை ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் தொடுகிற அகலம். பம்ப் அடுப்புகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு அடுப்பின் முனையை ஊசியால் குத்திக்கொண்டே என்னைப் பார்த்தார், கைக்குட்டையையும் பார்த்தார்.

"மாதுங்காவா சார்?"

"எப்படித் தெரியும்?"

"மூக்குதான். சொல்லுங்க."

"மிலிட்டரில மரம் அறுக்கற மிஷின் ஓட்டினவர் ஒருத்தர் இங்க இருக்கார்னு சொன்னாங்க."

"ஓட்டினவம்லாம் எத்தனையோ பேரு. அது நின்னா ஓட வைக்கவன் நான் ஒருத்தன்தான்." அடுப்பைக் கீழே வைத்தார். "அசாம்ல ரோடு போட்டோம்லா. ஒவ்வொரு மரமும் இந்தச் சந்து அகலம். வெள்ளைக்காரன் ரெண்டு பேரு மிஷினத் தூக்கிட்டுப் போவான். காமணி நேரம் சத்தம் கேக்கும். அப்புறம் சத்தம் நிக்கும். அப்புறம் என்னையத் தேடிட்டு வருவான்."

கேட்டதில் பாதியைக் கழித்துக்கொண்டேன். அது என் தொழில் பழக்கம். பின்னால் தெரிந்தது, கழிக்க வேண்டியது மிகக் கொஞ்சம்தான்.

செம்பூருக்கு அவரும் அவருடைய மச்சினனும் வந்தார்கள். மச்சினனுக்கு முப்பது வயது. மில்லில் ஆட்குறைப்பு செய்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்டவன். இருவரும் ஆறு பெட்டியையும் திறந்தார்கள். மெக்கானிக் ஒவ்வொரு இயந்திரத்தின் சக்கரத்தையும் கையால் சுழற்றிப் பார்த்தார். பெட்ரோல் தொட்டிகளைத் திறந்து முகர்ந்தார். மூன்றாவது பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"இதுல உசிரு இருக்கு சார்வாள். மத்த அஞ்சும் சீக்குலதான் கெடக்கு. சாவல."

அத்திம்பேர் நிபந்தனையைச் சொன்னார். தன்னைவிட மூத்த மனிதரிடம் ஒருமையில்தான் பேசினார்.

"இதை ஓட்டிக் காட்டு. கமிட்டி வந்து பாக்கும். கமிட்டி சரின்னா மீதி அஞ்சையும் ரிப்பேர் பண்ற வேலை உனக்கு. பின்னால இருக்கற மரம் பூரா அறுக்கற வேலையும் உனக்குத்தான்."

"ஓடலன்னா?"

"ஆறும் பங்கார்."

மெக்கானிக் தலையாட்டினார். வெளியே வந்ததும் மச்சினனிடம், "ஏல, அஞ்சு மிஷினு. ரெண்டு வருசத்துக்கு அடுப்பத் தொட வேண்டாம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அடுப்ப நோண்டி நோண்டி, நான் மிலிட்டரி மெக்கானிக்குன்னா என் பொஞ்சாதியே நம்ப மாட்டேங்கா சார்."

மூன்றாவது பெட்டியின் இயந்திரத்தைத் தாராவிக்கே எடுத்துப் போனார்; வேலை இரண்டு மாதம் நடந்தது. அத்திம்பேர் எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டுகளைக் கொண்டு போவதற்காக வாரத்துக்கு இரண்டு முறையாவது நான் தாராவிக்குப் போனேன். மூன்றாவது வாரம் கைக்குட்டையை எடுக்க மறந்து போனேன்.

இயந்திரத்தை முழுக்கப் பிரித்து ஒரு பழைய சாக்கின் மேல் பரப்பியிருந்தார். இந்த மாதிரி என்ஜினில் அடிப்பெட்டியில் காற்று கசியக் கூடாது, கசிந்தால் பெட்ரோல் மேலே ஏறாது என்று சொன்னார். கசிவைத் தடுக்கும் தோல் வளையங்கள் மக்கிப் பொடியாகியிருந்தன. பம்பாயில் அதற்குக் கடை கிடையாது. ஆனால் இரண்டு சந்து தள்ளித் தோல் பதனிடும் இடம் இருந்தது. அங்கே மேஸ்திரியாக இருந்த ராமநாதபுரத்து ராவுத்தர் ஒருவர் எருமைத் தோலில் நல்ல துண்டாக ஒன்று வெட்டிக் கொடுத்தார். மெக்கானிக் அதைக் கொழுப்பில் ஊறவைத்து, வட்டமாக அறுத்து, பொருத்திப் பார்த்து, கழற்றி, மறுபடி அறுத்தார். நான்காவது வளையம்தான் சரியாக உட்கார்ந்தது. பொறி தரும் சுருளை மாஹிமில் மின்விசிறிக்குச் சுருள் சுற்றுகிறவரிடம் கொடுத்துப் புதிதாகச் சுற்றி வாங்கினார். பிஸ்டன் வளையங்களை மோட்டார் சைக்கிளுக்கு உரியதிலிருந்து எடுத்து அரத்தால் ராவிச் சின்னதாக்கினார். பெட்ரோல் அளவைக் காக்கும் பித்தளை மிதவை ஓட்டையாகியிருந்தது. அதை அடுப்புக்குப் பற்றவைக்கிற கையாலேயே பற்றவைத்தார். அடுப்பு வேலையால் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்று சொல்லிக்கொண்டார். சங்கிலியின் பற்களை மச்சினன் ஒவ்வொன்றாகக் கூராக்கினான்.

இதில் எதையும் அத்திம்பேர் கேட்கவில்லை. அவர் சீட்டுகளில் இருந்தது ஒரே கேள்வி. பெயிண்ட் அடித்தாயிற்றா? பூங்கா பெஞ்சுகளுக்கு அடித்து மிஞ்சிய பச்சை வர்ணத்தில் ஒரு டின் அனுப்பியிருந்தார்.

"என்ஜின் மேல பெயிண்டு அடிச்சா சூடு வெளிய போவாது," என்றார் மெக்கானிக்.

அதைப் போய்ச் சொன்னேன். அத்திம்பேர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கமிட்டி வந்து நிக்கும்போது மொதல்ல கண்ணுல படறது என்ன? சூடா? பெயிண்ட்டா?"

கடைசியில் சூடு போகிற இடங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் பச்சை அடித்தார்கள். அது பிள்ளைகளின் பொம்மை மாதிரி ஆகிவிட்டது.

சந்திலேயே ஒரு பழைய தண்டவாளக் கட்டையைப் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். கயிற்றைச் சுற்றி இழுத்ததும் முதலில் நீலப் புகைதான் வந்தது. அடுத்த இழுப்பில் தகரக் கூரைகள் அதிர்ந்தன. தோல் தொட்டிகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கட்டை வெண்ணெய் மாதிரி இரண்டாகப் போனது. குழாயடியில் நின்றிருந்த ஒரு பெண், "அண்ணாச்சி, அடுப்பு ரிப்பேருக்குக் குடுத்தா இப்படியா பண்ணி வைப்பிய?" என்று கேட்டாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. காதை என்ஜினுக்கு அருகில் வைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அது கால் மணி நேரம் நிற்காமல் ஓடியது. என் கடிகாரத்தில் பார்த்தேன்.

கமிட்டி ஒரு சனிக்கிழமை காலை கூடியது. என்ஜினியர், கணக்கு அதிகாரி, காரியதரிசியாக அத்திம்பேர். நிலத்தில் தூங்குமூஞ்சி மரங்களும் ஒரு பட்டுப்போன புளிய மரமும் இருந்தன. மெக்கானிக் முதலில் தூங்குமூஞ்சி ஒன்றைக் கேட்டார். அது இளக்கமான மரம், புளி இரும்பு மாதிரி இருக்கும் என்றார். ஆனால் மூன்று நாற்காலிகளை ஒரு வாதாமரத்து நிழலில் போட்டாகிவிட்டது. அதற்கு நேர் எதிரே இருந்தது புளிய மரம். நாற்காலிகளை நகர்த்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மச்சினன் கோடாலியால் மரம் விழ வேண்டிய பக்கத்தில் வாய் வெட்டி வைத்தான்.

பூஜைக்காக அத்திம்பேர் மாதுங்காவிலிருந்து ஒரு சாஸ்திரிகளை ஆபீஸ் ஜீப்பில் அழைத்து வந்திருந்தார். தேங்காய், எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் இருந்தன. ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட ஒரு இரும்புச் சாமான் அன்றைக்கு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. சாஸ்திரிகள் சந்தனத்தைக் குழைத்து எங்கே வைப்பது என்று பார்த்தார். அந்த இயந்திரத்தில் நெற்றி மாதிரி இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தொட்டியின் மேலே, உருண்டையாக, பித்தளையில் இருந்த மூடி. அதன்மேல் ரூபாய் அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தார். மாலையைச் சூட்டினார்.

மாலையைக் கழற்றியபோதுதான் மெக்கானிக் அதைப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் மூடியை நோக்கிப் போனது.

"துடைக்காதே," என்றார் அத்திம்பேர். "ஆரம்பத்துலயே அபசகுனமா?"

கட்டைவிரல் நின்றது. மெக்கானிக் அத்திம்பேரைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்போது அது எனக்கு ஒரு சாதாரணச் சைகையாகத்தான் பட்டது.

மூன்றாவது இழுப்பில் என்ஜின் பிடித்தது. இருவரும் தூக்கி மரத்தின் பின்பக்கம் வைத்தார்கள். கருஞ்சிவப்பாகத் தூள் பறந்தது. கணக்கு அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். ஒரு சாண் ஆழம் உள்ளே போயிருக்கும். திடீரென்று சத்தம் ஏறியது, மெலிந்தது, நின்றது. சங்கிலி மரத்துக்குள் மாட்டிக்கொண்டது.

வாதாமரத்தில் காக்கை கத்துவது கேட்டது. என்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்து எதையோ குறித்துக்கொண்டார்.

மெக்கானிக் எங்களிடம் ஓடி வந்தார். "சார்வாள், ஒரு குண்டூசி குடுங்க. ஒரே நிமிசம்."

அத்திம்பேர் மடியில் இருந்த ஃபைலில் குண்டூசிகள் இருந்தன. அவர் ஃபைலைப் பார்த்தார். "இதெல்லாம் சர்க்குலர்ல குத்தியிருக்கு. எடுத்தா வரிசை கலஞ்சுடும்."

என்ஜினியர் எழுந்துவிட்டார். சோதனை முடிந்தது, இயந்திரம் நின்றுவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். கோபம் எதுவும் இல்லை. டிபன் தயாராக இருக்குமா என்று கணக்கு அதிகாரி கேட்டார். இருக்கும் என்றார் அத்திம்பேர். மூன்று பேரும் சாஸ்திரிகளும் கான்டீனுக்கு நடந்தார்கள். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார்கள். நான் போகவில்லை. பசிக்கவில்லை என்பதைத் தவிர அதற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

மச்சினன் வேலியோரக் கருவேலத்தில் ஒரு முள்ளை ஒடித்து வந்தான். மெக்கானிக் மூடியிலிருந்த சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, அதன் நடுவில் முள்ளை விட்டுத் திருகினார். அங்கே ஒரு ஓட்டை இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இது எதுக்கு?"

"டேங்கு மூச்சு விடணும்லா. இது வழியாக் காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் கீழ எறங்கும். அடச்சிட்டா, கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் தொண்ட வறண்டுரும்."

"தெரிஞ்சேதான் ஓட்டினீங்களா?"

"தெரியும். வெரலு போச்சு, பாத்தியள்ளா? துடைக்காதேன்னுட்டாரு. அஞ்சு மிஷினு அவரு கையில இருக்கு. கொஞ்சூண்டு சந்தனத்துக்காக அவருகிட்ட மல்லுக்கு நிக்கவா? மரம் சாயற மட்டும் ஓடிரும்னு கணக்குப் போட்டேன்." முள்ளை எறிந்தார். "புளியக் கணக்குல சேக்கல."

"பூச பண்ணுன சாமிகிட்ட அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அத்தான்," என்றான் மச்சினன்.

"ஏல, சும்மா ஆப்ப அடி."

வெட்டுவாயில் ஆப்பு அடித்துச் சங்கிலியை விடுவித்தார்கள். முதல் இழுப்பிலேயே என்ஜின் பிடித்தது. இந்தத் தடவை அது நிற்கவில்லை. புளிய மரம் மெதுவாக முனகி, கோடாலி வாய் வைத்த பக்கமே, ஒரு முழம்கூட விலகாமல் விழுந்தது. நாற்காலிகள் காலியாக இருந்தன. கமிட்டி எழுந்ததற்கும் மரம் விழுந்ததற்கும் இடையில் பதினோரு நிமிஷம்.

சத்தம் கேட்டு அத்திம்பேர் மட்டும் வந்தார். கையில் பாதி வடை இருந்தது.

"விழுந்துடுத்தா?"

"விழுந்தது."

"கமிட்டி எழுந்துண்டப்பறம்தானே?"

"ஆமாம். சந்தனம் ஓட்டையை அடச்சுடுத்து. அதனாலதான் நின்னுது." மூடியைக் காட்டி விளக்கினேன்.

அவர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து வடையைத் தின்று முடித்தார். "நின்னது நின்னதுதானே. மறுபடி கூட்டணும்னா என்ஜினியர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்? பூஜை பண்ணினதுனால நின்னுபோச்சுன்னா?"

மெக்கானிக் மூன்றடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அறிக்கையை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. அத்திம்பேர் அதையும் என்னிடம் கொண்டு வந்தார். மூன்று வரியில் எழுதிக் கொடுத்தேன். தொட்டி மூடியின் காற்றுத் துளையைச் சந்தனம் அடைத்ததால் இயந்திரம் நின்றது. துளையைச் சுத்தம் செய்தபின் ஓடியது. மரம் விழுந்தது. அவர் படித்துவிட்டுச் சிரித்தார், பேப்பர்காரனுக்கு ஆபீஸ் பாஷை வராது என்றார். பேனாவை எடுத்துத் தானே எழுதினார். இயந்திரத்தின் பழைய அமைப்பில் உள்ளார்ந்த குறைபாடு ஒன்று இருப்பது சோதனையில் வெளிப்பட்டது, கிடங்கில் வைத்திருந்த முறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. குறை இயந்திரத்தைச் செய்தவனுடையது. செய்தவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான். கையெழுத்துப் போட்டவர் தப்பித்தார்.

அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்று இருந்தது. திருத்திக் கொடுத்தேன். அந்த வேலைக்குத்தான் எனக்குப் பத்திரிகையில் சம்பளம்.

ஆறையும் பழைய இரும்பாக விற்க உத்தரவு வந்தது. சோதனைக்குப் பின் மெக்கானிக்கோடு திரும்பிய ரம்பம் இன்னும் தாராவியில்தான் இருந்தது. அதைக் கேட்டு அத்திம்பேர் நிரப்பிய படிவத்தையும் நானே கொண்டு போனேன். மெக்கானிக் என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று அதில் அச்சடித்திருந்தது.

"திருப்பிப் படிங்க."

திருப்பிப் படித்தேன்.

"எந்த நெலையில வாங்குனேனோ, அந்த நெலையில. அப்படித்தானே?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"கையெழுத்து?"

"இருக்கு."

"சரி. வெள்ளிக்கெழம வாங்க."

வெள்ளிக்கிழமை போனபோது இயந்திரம் மறுபடி சாக்கின் மேல் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். கழற்றிய பழைய பாகங்களை ஒன்று விடாமல் அதில் போட்டு வைத்திருந்தார். துருப்பிடித்த பிஸ்டன் வளையம், எரிந்துபோன சுருள், ஓட்டை மிதவை, காகிதத்தில் மடித்து வைத்த தோல் தூள். ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் பொருத்திக்கொண்டிருந்தார். புதிதாகச் செய்தபோது என்ன கவனம் இருந்ததோ அதே கவனம்.

"வெறும் கூட்டக் குடுத்தா போதாதா அத்தான்?" என்றான் மச்சினன். "எவன் தெறந்து பாக்கப் போறான்?"

"ஒரு சாமான் கொறஞ்சாலும் திருட்டுன்னு எழுதுவான். வாங்கும்போது என்ன இருந்துச்சோ அது இருக்கணும்."

"கரப்பான் முட்டைக்கு எங்க போவ?"

"ஒன் வீட்டுல பாரு."

"பெயிண்ட்டை என்ன செய்வீங்க?" என்று நான் கேட்டேன்.

"அது அவுக குடுத்தது. அவுககிட்டயே போவட்டும்."

மறுநாள் மூன்று பேருமாகச் செம்பூருக்குக் கொண்டு போனோம். அத்திம்பேர் இயந்திரத்தைச் சுற்றி வந்தார். பச்சை வர்ணத்தின் மேல் விரலை ஓட்டினார். புளிய மரம் உராய்ந்த இடத்தில் ஒரு கீறலைக் கண்டுபிடித்து, உச்சுக் கொட்டி, பெருந்தன்மையாக விட்டுவிட்டார். ரசீதில் எழுதினார்: ஒன்று, நல்ல நிலையில் பெறப்பட்டது. கையெழுத்துப் போட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மெக்கானிக் ரசீதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது சாதாரணப் பெட்டியில் அவர்களோடு வந்தேன். மெக்கானிக் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதில் எருமைத்தோல் வளையங்களும், ராவிய பிஸ்டன் வளையங்களும், மாஹிமில் சுற்றிய சுருளும், பற்றவைத்த மிதவையும் இருந்தன.

"வேற எந்த மிஷினுக்காவது ஆகுமா?" என்று கேட்டேன்.

"ஆவாது சார். இதுக்குன்னு அறுத்தது. இனி எதுலயும் சேராது."

"அப்புறம் எதுக்குக் கழட்டினீங்க? ரெண்டு நாள் வேலை."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன்தான் பதில் சொன்னான். "இதையும் அதோடயே சேத்து எடை போட்டு வித்துருவாம்லா சார். அத்தானுக்கு அது ஒப்பல."

"ரிப்போர்ட்டுல என்ன எழுதுனாவ?" என்று மெக்கானிக் கேட்டார்.

சொன்னேன். உள்ளார்ந்த குறைபாடு என்பதைத் தமிழில் சொல்ல இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. நான் முதலில் எழுதியதையும் சொன்னேன். பிழை திருத்திக் கொடுத்ததைச் சொல்லவில்லை.

"நீங்க எழுதுனத அடிச்சுப்போட்டாரா?"

"ஆமாம்."

"நீங்க ஒண்ணும் சொல்லலையோ?"

"இல்லை."

அவர் தலையாட்டினார். எனக்கும் அத்திம்பேரிடம் ஏதோ ஐந்து மிஷின் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. அப்படி ஒன்றும் இல்லை என்பதை நான் விளக்கவில்லை.

குர்லாவில் வண்டி மாற இறங்கினோம். எனக்குப் பத்திரிகை கொடுத்த முதல் வகுப்புப் பாஸ் இருந்தது. அந்தப் பெட்டி வந்து நிற்கும் இடத்திலேயே நான் நின்றுகொண்டேன். அவர்கள் பையோடு பிளாட்பாரத்தின் கோடியை நோக்கி நடந்தார்கள்.